ஜப்பான் திருவிழாவும் எங்கள் ஊர்க் கம்பமும்

மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை என்னால் அடித்துச் சொல்ல முடியும். நம் ஊர்த் திருவிழாக்களில் வெளிச்சம் கூடக் கூட, ஆடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

பண்டிகை வந்தால் விழாக் கமிட்டிக்காரர்கள் தற்காலிக இணைப்பு கேட்டு பிரிவு அலுவலகத்துக்கு வருவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கிராமத்துப் பண்டிகைக்குப் பத்து டியூப் லைட்டும் ஒரு மைக் செட்டும் போதும். கம்பியில் கொக்கி போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்களுக்கு வேலை. அப்புறம் சீரியல் செட் வந்தது. அம்மன் உருவம் எரிந்து எரிந்து அணையும் பெரிய போர்டு வந்தது. அப்புறம் மேடை போட்டு ஆர்கெஸ்ட்ரா. அதன் பிறகு ஆடல் பாடல். இப்போது எல்.இ.டி. திரை, ஆள் உயர ஸ்பீக்கர், லாரியில் வைத்த ஜெனரேட்டர். லோடு ஏற ஏற ஊர்ச்சனம் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தது. கம்பத்தைச் சுற்றி விடிய விடிய ஆடினவர்களின் பேரப் பிள்ளைகள் இன்றைக்கு மேடையைப் பார்த்துச் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இதை நான் பேச ஆரம்பித்தாலே வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். 'ரிட்டயர் ஆனவர் பழைய பாட்டுப் பாடுகிறார்' என்பது என் மகளின் தீர்ப்பு. அதே மகள் இந்த வருடம் எங்களை ஒரு ஜப்பான் திருவிழாவுக்குக் கூட்டிப் போனாள். நான் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அங்கே சாட்சி கிடைத்தது. நான் பேசாமல் விட்டிருந்த இன்னொன்றுக்கும் சேர்த்தே கிடைத்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பெங்களூரில் 'ஜப்பான் ஹப்பா' என்று ஒரு விழா 2005-இல் இருந்து நடக்கிறது. ஹப்பா என்றால் கன்னடத்தில் பண்டிகை. அங்கே ஜப்பானியக் கம்பெனிகள் நிறைய. வேலைக்காக வந்து குடும்பத்தோடு தங்கியிருக்கும் ஜப்பானியர்களும், ஜப்பான் மொழி படிக்கும் நம் பிள்ளைகளும் சேர்ந்து நடத்துகிறார்கள். மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரில் இருக்கிறார்கள். பேத்திக்குப் பத்து வயது. கார்ட்டூன் பார்த்துப் பார்த்தே பத்து இருபது ஜப்பானிய வார்த்தை தெரிந்து வைத்திருக்கிறாள். பேரனுக்கு ஆறு வயது; அவனுக்கு எங்கே சாப்பாடு இருந்தாலும் சரி.

ராசிபுரத்தில் இருந்து விடிகாலையில் கிளம்பி, சேலம், தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். என் மனைவி புளிசாதமும் கட்டிக்கொண்டாள். 'அங்கே என்னத்தையோ பச்சையாத் திம்பாங்களாமா' என்பது அவள் பயம்.

நான் நினைத்துக்கொண்டு போனது ஒரு பொருட்காட்சியை. வரிசையாக அரங்கு, கயிறு கட்டித் தடுப்பு, 'தொடாதீர்கள்' என்று அட்டை, கடைசியில் மேடையில் ஒரு மந்திரியோ அதிகாரியோ பொன்னாடை. அங்கே தடுப்புக் கயிறே இல்லை. ஒரு மேசையில் காகிதம் மடிக்கச் சொல்லித் தந்தார்கள். பேத்தி ஒரு கொக்கு செய்துவிட்டு நகரவே மாட்டேன் என்றாள். இன்னொரு மேசையில் தூரிகையும் மையும் கொடுத்து, நம் பெயரை அவர்கள் எழுத்தில் எழுத வைத்தார்கள். இன்னோர் இடத்தில் யுகாதா என்ற பருத்தி அங்கியைக் கட்டிவிட்டார்கள். இடது பக்கத்தை வலது பக்கத்தின் மேல் மடித்துக் கட்ட வேண்டுமாம். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு மட்டும். 'நம்ம ஊர்ல கோடித்துணி மாதிரிதான்' என்று மனைவி உடனே பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பயமும் தீர்ந்தது. ஓகோனோமியாகி என்று ஒரு பலகாரம்: முட்டைக்கோசை நறுக்கி மாவிலும் முட்டையிலும் கலந்து தட்டில் வார்க்கிறார்கள். 'முட்டைக்கோசு அடைதானுங்க, சாஸை மட்டும் குறைச்சா நல்லாருக்கும்' என்றாள். நாமக்கல்காரர்களுக்கு முட்டை போட்ட எதுவும் அந்நியம் இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது சாயந்திரம் பார்த்ததைப் பற்றி.

நாற்காலிகளை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் இடம் விட்டார்கள். ஒரு பெரிய முரசு. அதற்குத் தைகோ என்று பெயர். யுகாதா கட்டிய நாலைந்து ஜப்பானியப் பெண்கள் அதைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். அவர்களுக்கு வெளியே இன்னொரு வட்டம். அதில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். போன் ஓதோரி என்பது அந்த ஆட்டத்தின் பெயர். ஓபோன் என்பது அவர்களின் நீத்தார் வழிபாடு. ஜூலை நடுவிலோ ஆகஸ்ட் நடுவிலோ, அந்தந்த வட்டார வழக்கப்படி, முன்னோர்கள் வீட்டுக்கு வந்து போவதாக நம்பிக்கை. அவர்களை வரவேற்று வழியனுப்ப ஊரே கூடி ஆடுகிறது. ஜப்பான் கிராமங்களில் நடுவில் யாகுரா என்று உயரமான மரப் பரண் கட்டி, அதன் மேல் முரசு வைத்து, அதைச் சுற்றி ஆடுவார்கள். இந்த வகை ஊர் ஆட்டங்களில் 41-ஐ ஒன்றாகத் தொகுத்து 2022-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

அடவு தெரியாதே என்று யாரும் ஒதுங்கவில்லை. ஏனென்றால் அந்த ஆட்டத்தின் அமைப்பே அப்படி. ஐந்தாறு அசைவுகள்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். தெரிந்தவர்கள் உள்வட்டத்தில், தெரியாதவர்கள் வெளிவட்டத்தில். உள்ளே இருப்பவரைப் பார்த்துக்கொண்டே மூன்று சுற்று வந்தால் கை தானாக வந்துவிடும். அன்றைக்கு ஆடிய ஒரு பாட்டு 'தாங்கோ புஷி'. தெற்கே கியூஷு தீவில் நிலக்கரி வெட்டிய தொழிலாளிகளின் பாட்டு. அசைவுகள் எல்லாம் சுரங்க வேலை: மண்வெட்டியால் இரண்டு தரம் தோண்டு, அள்ளித் தோளுக்கு மேல் போடு, கையை நெற்றிக்கு மேல் வைத்து நிலாவைப் பார், தள்ளுவண்டியைத் தள்ளு. என் மனைவி இரண்டாவது சுற்றிலேயே சரியாக ஆடினாள். 'மம்முட்டி புடிச்ச கைக்கு இதை வேற சொல்லித் தரணுமா?' என்று கேட்டாள். சேலத்தில் வெள்ளைக்கல் வெட்டும் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் இதைப் பார்த்திருந்தால் முதல் சுற்றிலேயே ஆடியிருப்பார்.

எனக்கு அங்கே நின்றபடி எங்கள் ஊர்க் கம்பம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

கொங்குப் பக்கத்தார் அல்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் பகுதியில் மாரியம்மன் பண்டிகை பூச்சாட்டில் தொடங்கும். அப்போது மூன்று கிளையாகப் பிரிந்த ஒரு மரத்தை வெட்டி, பட்டையைச் சீவி, மஞ்சள் பூசி, கோயில் முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். அம்மனுக்குப் புருஷன் என்று ஐதீகம். பெண்கள் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாக வந்து அதற்கு ஊற்றுவார்கள். ராத்திரி ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். பண்டிகை முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விடுவார்கள். கரூரில் அமராவதிக்கு அனுப்புவது பெரிய விழாவே. எங்கள் ராசிபுரத்தில் மட்டும் வேறு முறை. அங்கே பழைய கம்பத்தை அடுத்த வருடம் புதுக் கம்பம் நடும்வரை எடுப்பதில்லை. வருடம் முழுக்கக் கணவனோடு இருப்பதால் அந்த அம்மனுக்கு நித்ய சுமங்கலி மாரியம்மன் என்று பெயர்.

நடுவில் ஒரு மரம், ஒரு முரசு, சுற்றிலும் ஊர். யாகுராவுக்கும் கம்பத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டதாக நான் சொல்லவில்லை. மனிதக் கூட்டம் எங்கே இருந்தாலும் பாட்டு வந்தால் வட்டமாகத்தான் நிற்கும் போல. வட்டத்தில் முதல் ஆள், கடைசி ஆள் என்று கிடையாது. எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம். மேடையை எடுத்துக்கொள்ளுங்கள்: பத்துப் பேரை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், அந்த ஆயிரம் பேர் ஒருவர் முதுகை ஒருவர் பார்க்கிறார்கள்.

'காலம் மாறிவிட்டது சார், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கும்மி அடிக்குமா?' என்று கேட்பவர்களுக்கு இன்னொரு ஜப்பானிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். அன்றைக்கே கல்லூரிப் பிள்ளைகள் ஒரு குழுவாக யோசகோய் ஆடினார்கள். கையில் ஆளுக்கு இரண்டு மரக் கிலுகிலுப்பை. அதன் பெயர் நருகோ. நெல் வயலில் குருவி ஓட்டக் கயிற்றில் கட்டி வைத்த கருவியாம் அது! இந்த ஆட்டத்துக்கு ஆயிரம் வருடப் பாரம்பரியம் எல்லாம் இல்லை. ஷிகோகு தீவில் கோச்சி என்ற ஊரில், போருக்குப் பிறகு வியாபாரம் படுத்துக் கிடந்த நேரத்தில், ஊரைத் தட்டி எழுப்ப 1954-இல் தொடங்கியது. நருகோவைக் கையில் பிடிக்க வேண்டும், அவர்கள் ஊர்ப் பாட்டின் ஒரு துண்டாவது வர வேண்டும். மற்றபடி எந்த இசை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இப்போது ஜப்பான் முழுக்க ஆடுகிறார்கள். என் அப்பா காலத்தில் தொடங்கிய ஒரு விழா, ஒரு தேசத்தின் அடையாளமாகிவிட்டது.

குருவி ஓட்டும் கருவி என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? எனக்கு வள்ளி. தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி ஓட்டினவள். சங்கப் பாட்டுகளில் தட்டை, தழல், கவண் என்று கிளி ஓட்டும் கருவிகளின் பெயர்களே வருகின்றன. அந்த வள்ளியின் கதையைத்தான் கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் வள்ளிக்கும்மியாக ஆடுகிறோம். கும்மி செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் வெளியே வந்து பார்க்க வேண்டும். காரமடைப் பக்கத்துப் பத்திரப்பன் அவர்கள் ஆண்கள் மட்டும் ஆடி வந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 87 வயதில், 2024-இல், அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்றைக்கு ஒரே மாதிரிச் சேலை கட்டி நூற்றுக்கணக்கில் பெண்கள் ஆடும் அரங்கேற்றங்கள் எங்கள் பக்கம் நடக்கின்றன. ஐ.டி.யில் வேலை பார்க்கும் பெண்ணும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அடி எடுத்து வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆட ஆளில்லை என்பது பொய். வட்டம் போட்டால் ஆள் வருகிறது.

இதுவரை சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொள்வீர்கள். இனிமேல் சொல்வதில் சிலருக்கு வருத்தம் வரலாம்.

ஆடி முடித்து வேர்த்து விறுவிறுத்து வந்த பேத்தி கேட்டாள்: 'அப்பிச்சி, நம்ம ஊர்ப் பண்டிகையிலயும் இந்த மாதிரி யாரு வேணாலும் உள்ள போயி ஆடலாமா?'

'ஆடலாம் கண்ணு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் உண்மை அது இல்லை.

எங்கள் ஊர்க் கம்பத்தைச் சுற்றி ஆடிய வட்டம், நான் பையனாக இருந்த காலத்தில் இருந்தே, எல்லாருக்குமான வட்டமாக இருக்கவில்லை. தெற்கே இருக்கும் தெருவில் இருந்து தப்பட்டை அடிக்க வருவார்கள். அவர்கள் அடி இல்லாமல் ஒரு கால் எழாது. ஆனால் அவர்கள் நிற்கும் இடம் தனி. ஆட்டத்துக்குள் அவர்கள் தெருப் பிள்ளைகள் யாரும் வர முடியாது. வர வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருந்ததில்லை.

வரி விஷயத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி போடுவது வழக்கம். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து நோட்டுப் போட்டு வசூலிப்பார்கள். பல ஊர்களில் அந்தத் தெருவில் மட்டும் வரி கேட்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது சலுகை மாதிரித் தோன்றும். அது சலுகை இல்லை. வரி கொடுத்தவனுக்குத்தான் கோயிலில் பங்கு. வரி வாங்காமல் விட்டால் பங்கு கேட்க முடியாது. தற்காலிக இணைப்புக்காக வரும் கமிட்டிக்காரர்கள் கையில் அந்த நோட்டு இருக்கும். ஒரு ஊரில் எத்தனை வீட்டுக்கு இணைப்பு இருக்கிறது என்பது என் பதிவேட்டில் இருக்கும். அவர்கள் நோட்டில் இருக்கும் வீடுகள் எப்போதும் குறைவு. மின்கட்டணம் கட்டும்போது ஊரில் ஒருவராக இருக்கும் மனிதர், வரி நோட்டில் ஊரில் இல்லை.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2024 மே மாதம் பக்கத்துச் சேலம் மாவட்டத்திலேயே, தீவட்டிப்பட்டியில், மாரியம்மன் பண்டிகையில் யார் வழிபடலாம் என்று தொடங்கிய தகராறு கடைகளுக்குத் தீ வைப்பது வரை போனது. இன்னொரு பக்கம், கொங்கு நாட்டில் ஒரு வள்ளிக்கும்மி நிகழ்ச்சியில், சொந்தச் சாதியில்தான் கல்யாணம் செய்துகொள்வோம் என்று இளம்பெண்களை உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வந்தது, காணொளியும் பரவியது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வள்ளி யார்? குறவர் குடியில் வளர்ந்த மலைப் பெண். மாப்பிள்ளை யார்? தேவர் படைக்குத் தளபதி. பெண்வீட்டாரைக் கேட்காமல் நடந்த காதல் கல்யாணம். அந்தக் கதையைப் பாடி ஆடிவிட்டு, அதே இடத்தில் சாதிச் சத்தியமா? முருகனே வந்து நின்றாலும் வரி நோட்டில் பேர் இருக்கிறதா என்று கேட்பார்கள் போலிருக்கிறது.

ஜப்பான்காரர்கள் ஏதோ பிறவியிலேயே சமத்துவவாதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெரிய தைகோ முரசுக்கும் ஒரு கதை இருக்கிறது. மாட்டுத் தோலைப் பதப்படுத்தி அந்த முரசுக்குக் கட்டியவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள். புராக்குமின் என்று சொல்வார்கள். கோயிலுக்கு அவர்கள் செய்த முரசு வேண்டும், அவர்கள் வேண்டாம். நமக்குத் தெரிந்த கதைதான். சட்டப்படி அந்தத் தாழ்வு 1871-லேயே ஒழிக்கப்பட்டது. மனசுகளில் அதற்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது, இன்னும் முழுக்கப் போகவில்லை. ஒசாகாவில் நானிவா என்ற பகுதி முரசு செய்கிறவர்களுக்குப் பேர்போனது. அந்த ஊர் இளைஞர்கள் 1987-இல், 'நாங்கள் செய்யும் முரசை நாங்களே அடிக்கிறோம்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். குழுவின் பெயர் 'இகாரி'. கோபம் என்று அர்த்தம்.

இங்கேயும் அந்த மாற்றம் தொடங்காமல் இல்லை. பறை இசைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சாவுக்கு அடிக்கிற மேளம் என்று நாம் ஒதுக்கியதைக் கல்லூரிப் பிள்ளைகள் கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள். தில்லியில் விருது கொடுத்து கௌரவித்துவிட்டார்கள். நம் ஊர்க் கம்பத்தடியில் அவர்களுக்கு எங்கே இடம் என்பதுதான் இப்போது கேள்வி.

'கோயில் காரியம் வேறு, பெங்களூர்க் கேளிக்கை வேறு. அங்கே யார் ஆடினால் என்ன? இங்கே சாமி குத்தம் ஆகிவிடும்' என்று என் வயதொத்த நண்பர் ஒருவர் போனில் சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். போன் ஓதோரியும் கேளிக்கையாகப் பிறந்தது இல்லை. செத்துப்போன அப்பன் பாட்டனுக்காக ஆடுவது. நீத்தார் சடங்கைவிடக் கண்டிப்பான சடங்கு எது? அதையே அவர்களால் அந்நிய ஊரில், பெயர் தெரியாத மனிதர்களோடு கைகோத்து ஆட முடிகிறது. சாமி குத்தம் என்று பயப்படுகிற நாம், அம்மன் சன்னிதிக்கு எதிரே குத்தாட்டத்துக்கு மேடை போட்டபோது பயந்தோமா? போலீஸ் பெர்மிஷன் வாங்கி, கோர்ட்டுக்கு எல்லாம் போய் அனுமதி வாங்கி அல்லவா போட்டோம்! சம்பிரதாயத்தை நாம் ஏற்கெனவே மாற்றிவிட்டோம். வசதிப்பட்ட பக்கம் மட்டும் மாற்றியிருக்கிறோம்.

இன்னொரு நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. 'ஆர்கெஸ்ட்ராக்காரனும் பிழைக்க வேண்டாமா?' வேண்டும்தான். பண்டிகை பதினைந்து நாள் நடக்கிறது. ஒரு ராத்திரி அவர்களுக்கு இருக்கட்டும். எல்லா ராத்திரியும் ஏன் அவர்களுக்கு?

சும்மா குறை சொல்லிவிட்டுப் போவது என் வழக்கம் இல்லை. எங்கள் ஊரில் பங்குனியில் பூச்சாட்டு. கமிட்டியில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் நான் இணைப்புக் கொடுத்த வீடுகளில் பிறந்தவர்கள். அவர்களுக்கு நாலு யோசனை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முதலாவது, வரி. ஊரில் எத்தனை தலைக்கட்டு இருக்கிறதோ அத்தனையிடமும், எந்தத் தெருவையும் விடாமல், ஒரே தொகையாக வாங்க வேண்டும். ஐம்பது ரூபாயாக இருந்தாலும் சரி. மற்றதெல்லாம் இதில் இருந்துதான் வரும். இதைச் செய்யாமல் மற்ற மூன்றைச் செய்து பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது, கம்பம் நட்ட பிறகு மூன்று ராத்திரியாவது மேடை, ஸ்பீக்கர், திரை எதுவும் கூடாது. வெளிச்சத்துக்கு நாலு பல்பு, காதுக்கு மேளம். கம்பத்தைச் சுற்றி இரண்டு வட்டம்: ஆடத் தெரிந்தவர்கள் உள்ளே, தெரியாதவர்கள் வெளியே. பெண்களும் ஆடலாம். யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்கக் கூடாது.

மூன்றாவது, மேளக்காரர்கள். பண்டிகை நோட்டீசில் உபயதாரர் பெயர்கள் ஒரு பக்கம் முழுக்க வருகின்றன. மேளம் அடிப்பவர் பெயர் ஒரு மூலையில்கூட வருவதில்லை. முதல் பக்கத்தில் அவர்கள் பெயர் வர வேண்டும். ஆர்கெஸ்ட்ராவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே இவர்களுக்கும் கொடுக்க வேண்டும். அவர்கள் பிள்ளைகள் ஆட வந்தால் ஆட வேண்டும். நம் பிள்ளைகள் அடிக்கக் கற்றுக்கொள்ள வந்தால் அவர்கள் சொல்லித் தர வேண்டும்.

நாலாவது, பயிற்சி. பூச்சாட்டுக்கு ஒரு மாதம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரங்களில், பள்ளிக்கூட மைதானத்தில் கும்மியும் கம்பத்தாட்டமும் சொல்லித் தரலாம். பெங்களூரில் ஜப்பானியர்கள் செய்ததுபோல நாலைந்து அடவு போதும். பள்ளிக்கூடத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஏற்கெனவே ஒன்றாகத்தான் படிக்கிறார்கள், ஒரே பந்தியில் சத்துணவு சாப்பிடுகிறார்கள். மைதானத்தில் சேர்ந்து ஆடிப் பழகிய பிள்ளைகளைக் கோயில் வாசலில் பிரித்து நிறுத்துவது பெரியவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். கஷ்டமாக இருக்கட்டும்.

கமிட்டித் தலைவர் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். 'பார்க்கலாமுங்க' என்றார். எங்கள் பக்கம் 'பார்க்கலாமுங்க' என்பதற்கு முடியாது என்றும் அர்த்தம் உண்டு, யோசிக்கிறேன் என்றும் அர்த்தம் உண்டு. நான் இரண்டாவதாகவே எடுத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு முறை அவர் வீட்டுப் பக்கம் நடைப்பயிற்சி போகிறேன்.

இதைப் படிக்கிற உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்த வருடம் உங்கள் ஊர்ப் பண்டிகைக்கு வரி கேட்டு ஆள் வந்தால், காசு கொடுப்பதற்கு முன்னால் அந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். எந்தெந்தத் தெரு அதில் இல்லை என்று பாருங்கள். ஏன் இல்லை என்று சத்தமாக, நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள்.